விருந்தாளியின் மனச்சாட்சி



போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தம்பி என்னிடம் வந்து நின்றான். மேல்படிப்புக்காக ஜப்பானுக்குப் போகிறான். முதல் மூன்று மாதம் அந்த ஊர்க் குடும்பம் ஒன்றோடு தங்கவேண்டுமாம். புத்த மதத்தைச் சேர்ந்த குடும்பம். "ஐயா, அவங்க வீட்டுல படைச்சு வெச்சதைக் கொடுத்தா நான் என்ன செய்யணும்?" என்று கேட்டான். நான் நின்ற இடத்திலேயே 1 கொரிந்தியர் 10:27, 28 இரண்டையும் எடுத்துச் சொல்லி, "வெச்சதைச் சாப்பிடு, துருவித் துருவிக் கேக்காதே. படைச்சதுன்னு யாராவது சொன்னா சாப்பிடாதே. அவ்வளவுதான் தம்பி" என்று அனுப்பிவிட்டேன். அவனும் சந்தோஷமாகப் போய்விட்டான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பதில் தப்பில்லை; வசனத்தை வசனமாகத்தான் சொன்னேன். ஆனால் அதே வசனம் எனக்கு நேரே வந்து நின்ற நாளில் நான் என்ன செய்தேன் என்பதை அவனுக்குச் சொல்லவில்லை. கொரியா தேசத்துக்குப் போய்வந்ததைப் பற்றி நம் சபையில் எத்தனை சாட்சி சொல்லியிருக்கிறேன்! அதிகாலை ஜெபத்தைச் சொன்னேன், உபவாச மலையைச் சொன்னேன். இதை மட்டும் விட்டுவிட்டேன். ஆகவே இந்த மாதம் இதையே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் என்னைக் குறைவாக நினைத்தாலும் பரவாயில்லை.

2018ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் சியோல் பட்டணத்தில் நடந்த ஒரு ஜெப மாநாட்டுக்குப் போயிருந்தேன். ஓட்டலில் தங்க நம்மிடம் காசு ஏது? அங்குள்ள ஒரு சகோதரன் தன் வீட்டில் தங்கும்படி கேட்டுக்கொண்டார். அவர் சில வருஷங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அப்போது நம் ஆராதனைக்கு வருவார். நம் பாஷையில் அவருக்குத் தெரிந்தது "போதும்", "கொஞ்சம்", "ஸ்தோத்திரம்" ஆகிய மூன்று வார்த்தைகள். மூன்றையும் நம் வீடுகளில் சாப்பிடும்போது கற்றுக்கொண்டாராம். தன் சபையில் அவர் ஜிப்சா, அதாவது நாம் சொல்கிற உதவிக்காரர். இனி அவரை ஜிப்சா என்றே எழுதுகிறேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டே படுக்கையறை கொண்ட வீடு. அவர்களுடைய அறையை எனக்குக் கொடுத்துவிட்டு, ஜிப்சாவும் அவர் மனைவியும் கூடத்தில் தரையில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். "ஐயோ, வேண்டாம், நான் கீழே படுக்கிறேன்" என்றேன். அந்தச் சகோதரி ஏதோ சொன்னார்கள். ஜிப்சா சிரித்துக்கொண்டே, "உங்கள் வீட்டில் என்னைக் கீழே படுக்கவிட்டீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்குப் பேச்சில்லை.

பிரியமானவர்களே, கொடுப்பதைப் பற்றி நாம் ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். வாங்கிக்கொள்வதைப் பற்றி ஒன்றாவது கேட்டிருக்கிறோமா? ஊழியக்காரருக்கு இது ரொம்பக் கஷ்டமான பாடம். கொடுக்கிறவன் கை மேலே இருக்கிறது. அங்கே இருந்தே பழகிவிட்டோம். அந்நிய தேசத்தில் பாஷை தெரியாமல், எந்தப் பாத்திரத்தில் எது இருக்கிறதென்று தெரியாமல், கழிப்பறையில் எந்தப் பொத்தானை அமுக்குவதென்றுகூடத் தெரியாமல் நிற்கும்போது, நீ போதகரா பிரசங்கியா என்பதெல்லாம் போய்விடும். சின்னப் பிள்ளையைப்போல அவர்கள் காட்டுகிறபடி செய்யவேண்டும். சோற்றைக் கரண்டியால் சாப்பிடவேண்டும், கறியைக் கம்பிபோன்ற இரண்டு குச்சியால் எடுக்கவேண்டும், சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கக்கூடாது, வீட்டில் மூத்தவர் கரண்டியை எடுக்குமுன் நாம் எடுக்கக்கூடாது. கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தவே கூடாது. அது இறந்துபோனவர்களுக்குப் படைக்கும் முறை. நான் முதல் நாளே குத்தி நிறுத்திவிட்டேன். அந்த வீட்டுப் பையன், பதினைந்து வயசு, மெதுவாகக் கையை நீட்டி எடுத்துப் படுக்கவைத்தான். ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாம் அந்நியமாக இருந்தது என்றும் சொல்லமுடியாது. செருப்பை வாசலில் கழற்றுகிறார்கள். பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுத்தால் இரண்டு கையாலும் கொடுக்கிறார்கள். அந்தப் பையன் தகப்பனை "அப்பா" என்றுதான் கூப்பிட்டான், தாயை "ஒம்மா" என்றான். தகப்பனுடைய அண்ணன் மனைவிக்கு அவர்கள் பாஷையில் "பெரிய அம்மா" என்றே பெயர். நம் பெரியம்மாதான்! கேட்டபோது எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நம் ஊழியர்கள் வெளிநாடு போனால் அங்குள்ள தமிழ்க் குடும்பத்தில் தங்கி, ரசம் சாதம் சாப்பிட்டு, தமிழ் ஆராதனையில் பிரசங்கித்து, திரும்பிவந்து "தேசத்தைச் சுற்றிப்பார்த்தேன்" என்று சாட்சி சொல்கிறார்கள். நானும் சிங்கப்பூரில் அப்படித்தான் செய்தேன். தப்பென்று சொல்லவில்லை. ஆனால் நம் ஆண்டவர் எழுபது பேரை அனுப்பினபோது, பணப்பையையும் சாமான் பையையும் வேண்டாமென்று சொல்லி, ஏற்றுக்கொள்ளுகிற வீட்டிலேயே தங்கி அங்கே வைப்பதைச் சாப்பிடச் சொன்னாரே (லூக்கா 10), அதன் கருத்து என்ன? ஊறுகாய் பாட்டில் எடுத்துப் போகிறவனுக்கு அந்தக் கருத்து விளங்காது. சாறிபாத்தில் எலியா ஒரு புறஜாதி விதவையின் கடைசிப் பிடி மாவைக் கேட்டு வாங்கினான். மெலித்தா தீவில் கப்பற்சேதத்தில் கரையேறின பவுலுக்கு மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டிக் கொடுத்தவர்கள் சுவிசேஷமே கேட்டிராத ஜனங்கள். பவுல் அந்த நெருப்பில் குளிர்காய்ந்தார். முதலில் வாங்கிக்கொண்டார், ஜெபித்துச் சுகமாக்கினது பிற்பாடு.

மாநாடு முடிந்தது. ஆனால் அந்த வாரமே சூசொக் பண்டிகை. அவர்கள் கணக்கில் எட்டாம் சந்திர மாதம் பதினைந்தாம் நாள், பௌர்ணமி. அந்த வருஷம் செப்டம்பர் 24. தேசமே சொந்த ஊருக்குப் போகும். அப்போதெல்லாம் நம்ம பொங்கலுக்குக் கோயம்பேட்டில் கூட்டம் நின்றதே, அதைப்போல. ஜிப்சாவின் சொந்த ஊர் ஆண்டோங் பக்கத்துக் கிராமம். "என் அண்ணன் வீட்டுக்கு வாருங்கள், உங்களைத் தனியே விட்டுப்போக முடியாது" என்றார். மூன்று மணி நேரப் பாதைக்கு ஏழு மணி நேரமானது. வழியில்தான் அவர் தன் கதையைச் சொன்னார்.

ஆண்டோங் என்பது கன்பூசியஸ் போதனையில் ஊறின ஊர். ஈ ஹ்வாங் என்ற பெரிய கன்பூசிய அறிஞருடைய கல்விச்சாலை அங்கேதான் இருக்கிறது. ஆயிரம் வோன் நோட்டில் அவர் படம்தான். அப்படிப்பட்ட ஊரில் மூத்த மகன் வீட்டில் முன்னோர்களுக்குப் படையல் வைத்து விழுந்து வணங்குவது குடும்பத்தின் உயிர்நாடி. உயிரோடிருக்கும் பெற்றோருக்கு ஒரு தரம் குனிந்து வணங்குவார்கள். இறந்தவர்களுக்கு இரண்டு தரம். ஜிப்சா இரட்சிக்கப்பட்ட வருஷம், வைராக்கியத்தோடு ஊருக்குப் போய், படையல் மேசைக்கு முன்னால் நின்று, "இது பிசாசுக்குச் செய்கிற வேலை" என்று எல்லாரும் கேட்கச் சொன்னாராம். அண்ணன் கையிலிருந்த கிண்ணத்தைத் தரையில் எறிந்தார். அதன்பின் எட்டு வருஷம் இவர் அந்த வாசலை மிதிக்கவில்லை. அதற்குள் அவருடைய தாய் மரித்துப்போனார்கள். மூன்று நாள் அடக்கச் சடங்கிலும் அண்ணன் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"பிறகு எப்படிப் போக ஆரம்பித்தீர்கள்?" என்றேன்.

"அண்ணி கூப்பிட்டார்கள். 'கும்பிட வேண்டாம், வந்து பாத்திரம் கழுவு' என்றார்கள்."

அந்த ஊரில், பண்டிகை நாளில், ஒரு ஆண்பிள்ளை சமையலறையில் பாத்திரம் கழுவுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நம்ம ஊரிலும் அப்படித்தானே! ஆறு வருஷமாக அவர்கள் கும்பிடும்போது இவர் பாத்திரம் கழுவுகிறார்.

இந்தத் தேசத்தில் இது சின்னக் காரியமல்ல என்பதையும் சொல்லவேண்டும். 1791இல் யூன் ஜீ சுங் என்ற கத்தோலிக்கர் தன் தாய்க்கு அந்தச் சடங்கைச் செய்யாமல், முன்னோர் பெயரெழுதின பலகைகளைச் சுட்டெரித்ததற்காகச் சிரச்சேதம் பண்ணப்பட்டார். 1939இல் ரோமாபுரி கீழ்த்திசையில் அந்தச் சடங்கைப் பற்றின தடையைத் தளர்த்தியது. 2014இல் போப் பிரான்சிஸ் சியோலுக்கு வந்து அதே யூன் ஜீ சுங்கையும் அவரோடு 123 பேரையும் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவித்தார். இதை எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வதென்று நான் யோசித்ததுண்டு. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் 1938இல் பிரஸ்பிடேரியன் பொதுச்சங்கமே ஷிண்டோ கோவிலில் குனியலாம் என்று தீர்மானம் போட்டது. குனியமாட்டேன் என்ற போதகர் சூ கீ சொல் 1944இல் சிறையில் மரித்தார். எனவே அந்த ஜனத்துக்கு ஒரு குனிதல் என்பது வெறும் குனிதல் அல்ல. நம் சகோதரர்கள் அங்கே படையலுக்குப் பதிலாகக் குடும்பமாய் உட்கார்ந்து பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, பெற்றோரை நினைத்து ஸ்தோத்திரம் பண்ணுகிறார்கள். அதுவும் சபைகளில் வழக்கமாகிவிட்டது.

ராத்திரி போய்ச் சேர்ந்தோம். அந்த அண்ணியாரை நான் பெரியம்மா என்றே சொல்லுகிறேன். எழுபதைத் தொட்டவர்கள், முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. இரண்டு நாளாகச் சமையல். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அரிசி மாவைப் பிசைந்து, உள்ளே எள்ளும் தேனும் வைத்து, பாதி நிலவுபோல மடித்து, தேவதாரு ஊசியிலையைப் பரப்பி ஆவியில் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தவுடனே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொழுக்கட்டை! சாட்சாத் நம்ம கொழுக்கட்டை.

உங்களுக்குத் தெரியும், எங்கள் பக்கத்து வீட்டு அம்மா வருஷா வருஷம் விநாயகர் சதுர்த்திக்குத் தூக்கில் கொழுக்கட்டை கொண்டுவருவார்கள். வருஷா வருஷம் நான் வாசலிலேயே "நாங்க சாப்பிடறதில்லைம்மா" என்று சொல்லி, கதவைத் திறந்ததும் திறக்காததுமாய் அனுப்பிவிடுவேன். அந்த மாதமும், பயணம் புறப்படும் முன் அப்படித்தான் செய்துவிட்டு வந்திருந்தேன். பிற்பாடு சபையில் அதை உறுதிக்கு உதாரணமாகவும் சொல்லுவேன்.

விடிந்தது. கூடத்தில் மடிப்புத் திரையை விரித்து, முன்னால் நீள மேசையில் புதுச் சோறு, மீன், பழங்கள், உலர்ந்த பழம், பலகாரம் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கினார்கள். தாளில் முன்னோர் பெயரை எழுதி வைத்தார்கள். அண்ணன் அரிசி மது ஊற்றினார். எல்லாரும் விழுந்து வணங்கினார்கள். ஜிப்சா சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினார். நான் பின்வாசலில் உட்கார்ந்து மனதுக்குள் அந்நிய பாஷையில் ஜெபித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் தாளை எரித்தார்கள். உடனே அதே மேசையில் இருந்ததை எடுத்துப் பந்தி வைத்தார்கள். அதற்கு அவர்கள் பாஷையில் ஒரு பெயர் உண்டு: ஆசீர்வாதத்தை உட்கொள்ளுதல் என்று அர்த்தம். பையன்தான் என் காதருகே அதைச் சொன்னான், "முன்னோருக்கு வைத்தது, இப்போது நமக்கு" என்று.

ஆக, சொல்லியாயிற்று. வசனம் நிறைவேறிற்று. இனி நான் சாப்பிடக்கூடாது. சொன்னவன் நிமித்தம் சாப்பிடாதே என்கிறார் அப்போஸ்தலன். அவனுடைய மனச்சாட்சி, என்னுடையது அல்ல. அந்தப் பையன் அப்போதுதான் ஞானஸ்நானம் எடுத்தவன். போதகர் என்ன செய்யப்போகிறார் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே அண்ணன் இருந்தார். எட்டு வருஷம் தம்பியைப் பேசாமல் தள்ளிவைத்த மனுஷன். அவரும் பார்த்தார். பெரியம்மா இரண்டு கையாலும் கிண்ணத்தை எனக்கு நேரே நீட்டினார்கள்.

நான் சாப்பிட்டால் பையன் இடறுவான். மறுத்தால் ஆறு வருஷம் பாத்திரம் கழுவிக் கட்டின சமாதானம் என் ஒருவனால் உடையும். இரண்டையும் ஒரு கணத்தில் நினைத்தேன். நினைத்துவிட்டு, வயிற்றில் கையை வைத்து, "வயிறு சரியில்லை" என்று சைகையாலும் இங்கிலீஷாலும் சொன்னேன்.

பொய். என் வயிறு நன்றாகவே இருந்தது. பசித்தது.

ஜிப்சா மொழிபெயர்த்தார். எல்லாருடைய முகமும் இரங்கிற்று. ஒருவருக்கும் கோபமில்லை, ஒருவருக்கும் இடறலில்லை. எவ்வளவு சுலபமாகப் போயிற்று என்று எனக்கே ஆச்சரியம். உள்ளுக்குள் ஆண்டவருக்கு நன்றிகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன், வெட்கம்தான். ஆனால் பெரியம்மா எழுந்துவிட்டார்கள். தான் சாப்பிடவில்லை. சமையலறைக்குப் போய் அரிசியை ஊறவைத்து, நல்லெண்ணெயில் வதக்கி, அடுப்பருகே நின்று கிண்டிக்கிண்டி எனக்குக் கஞ்சி வைத்தார்கள். அந்தக் கஞ்சியை விட்டுவிட்டுப் போகமுடியாது, அடிபிடித்துவிடும். எல்லாரும் பந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் உட்காராமல் வேலை செய்த அந்த ஸ்திரீ இன்னும் முக்கால் மணி நேரம் எனக்காக நின்றார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்துபோய், "அம்மா, பொய் சொன்னேன்" என்று சொல்ல எனக்கு வாயில்லை. கஞ்சி வந்தது, கொஞ்சம் சோயா ரசமும் முள்ளங்கித் தண்ணீரும் வந்தது. சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது சொல்லுங்கள் தேவபிள்ளைகளே, அந்த நாளில் என்னைத் தீட்டுப்படுத்தினது எது? வாய்க்குள் போகாத கொழுக்கட்டையா, வாயிலிருந்து வந்த வார்த்தையா? மாற்கு 7ஆம் அதிகாரத்தை நான் எத்தனை தரம் பிரசங்கித்திருக்கிறேன்! விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடாமல் காத்துக்கொள்ள, பொய்க்குப் பிதாவானவனுடைய பாத்திரத்திலிருந்து அள்ளிக் குடித்தேன்.

"பாஸ்டர், சமாதானத்துக்காகச் சொன்ன ஒரு சின்னப் பொய்தானே" என்று சிலர் சொல்லுவீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கோபம் வந்திருக்கலாம். அந்தக் கோபத்தை நான் தாங்கவேண்டியிருக்கும். பொய் சொன்னதால் அந்தப் பாரம் என்மேல் வரவில்லை. அவர்கள் முதுகில் ஏறிற்று, அடுப்பருகே. அதுமட்டுமல்ல. விருந்து கொடுக்கிறவர் தன் வீட்டைத் திறக்கிறார், தன் அலமாரி, தன் அழுக்குத் துணி, தன் குடும்பச் சண்டை எல்லாம் நாம் பார்க்கிறோம். அப்படித் திறந்தவருக்கு நாம் திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று, நம்மை உள்ளபடி காட்டுவது. அதை நான் கொடுக்கவில்லை. ஒரு நோயாளியை உண்டாக்கி அவனை அந்தப் பந்தியில் உட்காரவைத்தேன். அவர்கள் உபசரித்தது அவனைத்தான்.

மத்தியானம் புறப்பட்டோம். காரில் ஏறும்போது பெரியம்மா துணியில் முடிந்த ஒரு பெட்டியை இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்து ஏதோ சொன்னார்கள். ஜிப்சா பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எனக்குச் சொன்னார்: "இது மேசைக்குப் போகுமுன்பே பானையிலிருந்து எடுத்துத் தனியே வைத்ததாம். தம்பி வீட்டாருக்கும் தம்பியின் விருந்தாளிக்கும். ஒவ்வொரு வருஷமும் எங்களுக்கு இப்படித்தான் எடுத்துவைப்பார்கள். காலையிலேயே உங்களுக்குக் கொடுக்க வைத்திருந்தார்களாம். வயிறு சரியானதும் சாப்பிடுங்கள் என்கிறார்கள்."

எனக்கு நீட்டின கிண்ணம் அதுதான். படையலில் இருந்து எடுத்ததல்ல. பையன் சொன்னது பந்தியில் இருந்த மற்றவற்றைப் பற்றி. அவனுக்கும் இது தெரியாது. நான் "அம்மா, நான் படைத்ததைச் சாப்பிடுகிறதில்லை, மன்னியுங்கள்" என்று உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே, "தெரியுமே, அதனால்தானே தனியாக வைத்தேன்" என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். வேதம் அறியாத ஒரு ஸ்திரீ என் மனச்சாட்சியை இரண்டு நாள் முந்தியே நினைத்து வைத்திருந்தார்கள். நான் அவர்களுடைய மனச்சாட்சியை ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை.

காரில் ஜிப்சாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "நான் அந்த வீட்டில் உண்மையைச் சொன்னேன். எட்டு வருஷம் போயிற்று. அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை" என்றார். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாரா, தன்னை நினைத்துச் சொன்னாரா தெரியாது. நான் பதில் சொல்லவில்லை. பின்சீட்டில் பையன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தான். தூங்கினானா?

இந்த இடத்தில்தான் எனக்கு நாகமானுடைய ஞாபகம் வருகிறது (2 இராஜாக்கள் 5). குஷ்டம் நீங்கி, இனிக் கர்த்தரைத் தவிர ஒருவருக்கும் பலியிடமாட்டேன் என்று சொல்லி, இரண்டு கோவேறு கழுதை சுமக்கும் மண்ணையும் கேட்கிறான். உடனே அவனுக்கு ஒரு கவலை. ராஜா ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது தன் கையில் சாய்ந்துகொள்வான், அப்போது தானும் குனியவேண்டிவரும். இதை மன்னிக்கவேண்டும் என்கிறான். எலிசா அவனைத் திட்டவில்லை, "சரி, செய்" என்றும் சொல்லவில்லை, சமாதானத்தோடே அனுப்பிவிடுகிறான். இதை வைத்துக்கொண்டு "எங்கேயும் குனியலாம்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அந்த உபதேசம் எனக்கு வேண்டாம். சூ கீ சொல் சிறையில் மரித்தது வீணல்ல. ஆனால் நாகமான் ஒரு காரியம் செய்தான், நான் செய்யாதது. தன் இக்கட்டை ஒளிக்காமல் தேவமனுஷனிடத்தில் வாய்விட்டுச் சொன்னான். எனக்கும் அன்று தேவையாயிருந்தது அதுதான். ஜிப்சாவைத் தனியே கூப்பிட்டு, "பிரதர், இப்படி ஒரு சங்கடம், எப்படிச் சொல்லட்டும்?" என்று கேட்டிருக்கலாமே. விருந்தாளிக்கு வீட்டாரைக் கேட்க வெட்கமென்ன?

ஊருக்கு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் கடிதம் எழுதினேன். தைரியம் வர அவ்வளவு நாளாயிற்று. பையன் அதைக் கொரிய பாஷையில் எழுதி, தானே ஊருக்குப் போனபோது பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். பிறகு போனில் சொன்னான். பெரியம்மா சிரித்தார்களாம். நாலு பிள்ளை வளர்த்தவளுக்கு வயிற்று வலிக்காரன் முகம் தெரியாதா என்றார்களாம். "அப்படியானால் ஏன் கஞ்சி வைத்தீர்கள் என்று கேட்டேன், பாஸ்டர். அவருக்குப் பசி உண்மையாகத்தானே இருந்தது என்றார்கள்."

அந்தப் பையன் இடறினானா என்று நான் பயந்தேனே, அதற்கும் அவன் பதில் சொன்னான். நான் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் அவனுக்கு ஒன்றுமில்லையாம். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது நான் அப்பாவிடம் சொன்னதையெல்லாம் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தானாம். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஜப்பானுக்குப் போகிற தம்பியைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். வசனத்தை மாற்றவில்லை, அது அப்படியே இருக்கிறது. கூடச் சொன்னது இவ்வளவு: போய்ச் சேர்ந்த முதல் நாளிலேயே, ஒருவரும் எதையும் நீட்டுமுன்பே, "நான் இப்படிப்பட்டவன்" என்று தாழ்மையாய்ச் சொல்லிவிடு. பலபேர் பார்க்கிற பந்தியில் சொல்லாதே, வீட்டுக்காரியிடம் தனியே சொல்லு. அங்கே பல வீடுகளில் முன்னோருக்கென்று சின்ன மாடம் இருக்கும். காலையில் சோறு வைப்பார்கள். விருந்தாளி கொண்டுவரும் இனிப்புப் பெட்டியையும் முதலில் அதற்குமுன் வைத்துவிட்டுப் பிறகு எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பது வழக்கம். "நீ இங்கேயிருந்து எடுத்துப் போற மைசூர்பாகே அங்க போய் உக்காரும், அப்ப என்ன செய்வே?" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்து, "முதல்லயே சொல்லிட்டுக் கொடுக்கறேன் ஐயா" என்றான். என்னைவிடப் புத்திசாலி.

இன்னும் ஒன்று பாக்கி. கொரியாவுக்குப் போய்வந்து சில வருஷம் ஆகியும் பக்கத்து வீட்டுக் காரியத்தில் நான் மாறவில்லை. அதே வாசல், அதே வார்த்தை. இந்த வருஷம் சதுர்த்தி அன்று காலையில், தூக்கு வருமுன்பே, நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். இருபது வருஷத்துக்கு மேலே அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். நான் அந்தக் கதவுக்குள் போனது அதுவே முதல் தரம். "அக்கா, படைச்சதை நாங்க சாப்பிடறதில்லை, எங்க ஆண்டவருக்காக. உங்கமேல மரியாதை இல்லாம இல்லை. இத்தனை வருஷம் அதைக்கூட ஒழுங்கா உக்காந்து சொல்லாம வாசல்லயே அனுப்பினேன், மன்னிச்சுக்கோங்க" என்றேன். அந்த அம்மா என்னையும் என் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"அது எனக்குத் தெரியும் பாஸ்டர். நீங்க சாப்பிடமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் கொண்டுவருவேன். வேற எதுக்கு நான் உங்க வீட்டுக் கதவைத் தட்டறது?" என்றார்கள்.

பிறகு உள்ளே போய்க் காபி போட்டார்கள். என் மனைவியும் எழுந்து கூடவே சமையலறைக்குப் போனாள்.